பெயர் போடாத ஜெபக்குறிப்பு

மதியம் இரண்டு மணிக்கு வர்ஷா என்னைக் கூப்பிட்டாள். யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தேன். மெஷினை நிறுத்தாமலே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

“ஆன்ட்டி, காலைல குரூப்ல போட்டீங்களே. அது பிரசன்னாவைப் பத்திதானே?”

அவள் குரலில் அழுகை இல்லை. இந்தப் பியூலா பதில் பேசாமல் இருந்தாள் என்றால் கள்ளிக்குப்பத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அன்று என் வாய் ஒட்டிக்கொண்டது. அதையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

“சாப்பிட்டியான்னு கேட்க தினமும் ஒரு மணிக்குக் கூப்பிடுவான். இன்னிக்குக் கூப்பிடல. நான் பண்ணினா ஸ்விட்ச் ஆஃப்னு வருது. அப்புறம்தான் குரூப்பைத் திறந்தேன். உடனே அவன் ஆபீஸ் ஃப்ரெண்டுகிட்ட பேசினேன் ஆன்ட்டி. செப்டம்பர்லயே அவனை அனுப்பிட்டாங்களாம்.”

“இரு, வர்றேன்,” என்று சொல்லி எழுந்தேன்.

காலையில் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கொரோனா ஊரடங்கில் நாலு பேரை வைத்து என் வீட்டு முன்னறையில் ஆரம்பித்த ஜெபக்கூட்டம் எங்களுடையது. இப்போது புதன்கிழமை சாயங்காலம் இருபது பேர் வருகிறார்கள். வாட்ஸாப் குழுவில் முப்பத்தொரு பேர். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பெனிகளில் ஆள் குறைக்கிறார்கள், ஐ.டி.க்காரர்களை ஒரே மெயிலில் வெளியே அனுப்புகிறார்கள், யாருக்கும் ராத்திரி தூக்கம் இல்லை. இந்தக் காலத்தில் நாலு பேர் கூடி உட்கார ஓர் இடம் இருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் இல்லை, நிறையவே.

பிரசன்னா மார்த்தாண்டம் பக்கத்துப் பையன். ஒன்றரை வருஷம் முன்னால் கல்யாணம் முடித்து, பக்கத்துத் தெரு அபார்ட்மென்டில் குடிவந்தவன். வர்ஷாவுக்கு இது ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சபை மாடிப்படிக்குக் கீழே என்னை நிறுத்தி விஷயத்தைச் சொன்னான். வேலை போய்விட்டது, வர்ஷாவிடம் சொல்லவில்லை, தினமும் ஆபீஸ் போகிறவன் போலக் கிளம்பி எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டு வருகிறான். அவளுக்கு ஏற்கெனவே பிரஷர், பிரசவம் முடியட்டும் என்று பார்க்கிறேன் என்றான். “ஜெபத்துல வெச்சுக்கோங்க அக்கா. யாருக்கும் தெரிய வேண்டாம்,” என்றான்.

நான் அவன் தலையைத் தடவி, “கர்த்தர் பார்த்துக்குவார் தம்பி,” என்றேன். அதற்குள் பிஸ்கெட் தீர்ந்துபோச்சு என்று யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, மனசு பாரமாக இருக்கிறதே என்று குழுவில் இப்படி எழுதினேன்: “ஸ்தோத்திரம். அவசர ஜெபக்குறிப்பு. வேலையை இழந்து, மனைவியிடம் சொல்ல முடியாமல், தினமும் வேலைக்குப் போவதுபோல் கிளம்பிப் போய் மாலையில் திரும்பும் நம் ஐக்கியத்துச் சகோதரன் ஒருவருக்காகப் பாரத்தோடு ஜெபிப்போம். பெயர் வேண்டாம். கர்த்தர் அறிவார்.”

பெயர் போடாமல் விட்டதற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன் வேறு. எங்கள் வழக்கமே அதுதான். ஊர்க்கதையை வாயால் சொன்னால் புறங்கூறுதல், அதையே பெயரில்லாமல் ஜெபக்குறிப்பாகப் போட்டால் அடுத்தவருக்காகச் சுமக்கிற பாரம். எட்டு மணிக்குள் பதினாலு பேர் ஆமென் போட்டார்கள். போன மாதம் சுகப்பிரசவத்துக்காக ஜெபிக்கலாம் என்று வர்ஷாவை அந்தக் குழுவில் சேர்த்ததும் நானேதான். அது எனக்கு நினைவே வரவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தெருவில் இறங்கியதும் நிர்மலுக்குப் போன் போட்டேன். கூட்டத்தில் டோலக் வாசிக்கிறவன், எஸ்டேட்டில் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர், அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனிடம் பைக் இருந்தது. முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

“இன்னாக்கா, இன்னா விசயம்?” என்ற குரலில் ஒரு பதற்றம் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

“பிரசன்னாவா,” என்றான். “காலைல போட்டது பிரசன்னாவுக்கா?”

“ஆமாண்டா. எங்க கீற நீ?”

“ஊட்லதாங்கா. இன்னிக்கு லீவு. வந்துகினே கீறேன்.”

ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டான். செவ்வாய்க்கிழமை மதியம் இவன் ஏன் வீட்டில் இருக்கிறான் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

வர்ஷா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கீழ்வீட்டு மங்களம் அவள் பக்கத்தில் இருந்தாள். மங்களம் சபைக்காரி இல்லை, நெற்றியில் எப்போதும் குங்குமம் இருக்கும். ஆனால் மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது என்று புதன்கிழமைதோறும் வந்து மூலையில் உட்காருவாள்.

வர்ஷா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஒரு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். காஸ் புக்கிங் நம்பர், கரண்ட் இணைப்பு நம்பர், டாக்டர் நம்பர், ஊரில் அவள் அண்ணன் நம்பர், எல்லாம் பிரசன்னாவின் கையெழுத்தில் வரிசையாக இருந்தன.

“நேத்து சாயங்காலம் உக்கார்ந்து எழுதிக் குடுத்தான்,” என்றாள். “எதுக்குடான்னு கேட்டேன். ஆஸ்பத்திரி அலைச்சல்ல நீ மறந்துடுவன்னான்.”

திரும்பி வராதவன் எழுதி வைக்கிற பட்டியலாகத்தான் அது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் அதேதான் என்பது முகத்தில் தெரிந்தது. அந்த வார்த்தையை நாங்கள் இரண்டு பேருமே சொல்லவில்லை.

“எங்க போய் உக்காருவான்னு உங்ககிட்ட சொன்னானா ஆன்ட்டி?”

இல்லை. சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இரண்டரை மாசமாக ஒரு மனுஷன் காலையிலிருந்து சாயங்காலம் வரை எங்கே போய்க் கிடக்கிறான், மழை வந்தால் என்ன செய்கிறான், ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை எனக்கு. ஜெபிக்கிறேன் என்று சொன்னதோடு என் வேலை முடிந்துவிட்டது என்று பிஸ்கெட் எடுக்கப் போய்விட்டேன். தரையில் மண்டி போட்டு வர்ஷாவின் கையைப் பிடித்தேன்.

மங்களம் என் தோளைத் தொட்டாள். “பியூலா, அத்த அப்பால வெச்சிக்க. நான் இவ கூட கீறேன். நீ போயி அந்தப் புள்ளய இட்டுகினு வா,” என்றாள்.

“குமணன்சாவடிக்குப் போலாங்கா,” என்றான் நிர்மல். “அங்கதான் அவன் கம்பெனி வண்டி நிக்கும்னு சொல்லிகினு இருப்பான்.” நான் ஏறி உட்கார்ந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ஜெபிக்கத்தான் முயன்றேன். முழு ராத்திரி ஜெபம் நடத்துகிறவளுக்கு ‘ஆண்டவரே’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

குமணன்சாவடி சிக்னலில் நாலு டீக்கடை, ஒரு ஜெராக்ஸ் கடை, பஸ் நிறுத்தம். போனில் பிரசன்னாவின் கல்யாணப் போட்டோவைக் காட்டிக் காட்டிக் கேட்டேன். கோட்டு சூட்டில் இருந்தவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கரையான்சாவடி வரை கடை கடையாகப் போனோம். நிர்மல் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. “அங்க கேளுங்கா, இங்க கேளுங்கா,” என்று கையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் வண்டி அவனுடையது. பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வர்ஷாவிடமிருந்து போன் வந்தது. கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.

மணி நாலே கால். ஆவடி ரோட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். பருத்திப்பட்டு தாண்டியதும் நிர்மல் வண்டியை ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

“அக்கா, அவன் எங்க இருப்பான்னு எனக்குத் தெரியும்.”

“இன்னாடா சொல்ற?”

“அண்ணனூர் டேசன்ல. ரெண்டாவது பிளாட்பார்ம், ஆவடி பக்கம் கடைசி பெஞ்சு. தெனம் அங்கதான் குந்திகினு இருப்பான்.”

“தெரிஞ்சிகினுதான் ஒன்னரை மணி நேரம் என்னை ஊர் சுத்திக் காமிச்சியா?” அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தடுக்கவில்லை.

“நானும் தெனம் அங்கதாங்கா போறேன். அந்தாண்ட கடைசில, லெவல் கிராசிங் பக்கத்து பெஞ்சு என்னுது.” குரல் உடைந்திருந்தது. “ஆகஸ்ட்லயே எங்க கம்பெனிய மூடிட்டான். ஊட்ல தெரியாது. சீசன் டிக்கெட் எடுத்துட்டா யாரும் இன்னானு கேக்க மாட்டான். லைப்ரரில கேப்பான், மால்ல கேப்பான், டேசன்ல கேக்க மாட்டான். ரெண்டு மாசமா அவன் என்னைப் பார்க்காத மாதிரி குந்திகினு இருப்பான், நான் அவனைப் பார்க்காத மாதிரி. புதங்கெழம உங்கூட்ல பார்த்தா, ‘வேலை எப்படி போகுதுண்ணே’ம்பான். ‘நல்லா போவுது’ம்பேன்.”

எனக்கு அடிக்கக் கை எழவில்லை.

“காலைல நீ போட்டது என்னைப் பத்தின்னுதான் நெனச்சேன். அவன்தான் என்னைப் போட்டுக் குடுத்துட்டான்னு. மொதல் ஆமென் நாந்தான் போட்டேன், யாருக்கும் டவுட் வரக் கூடாதுன்னு. அதான் இன்னிக்கு அங்க போகல. போயிருந்தா அவனைப் பார்த்திருப்பேன்.”

“வண்டிய எட்றா,” என்றேன்.

அண்ணனூர் ஸ்டேஷனுக்கு வெளியே வண்டியைப் போட்டுவிட்டு மேம்பாலப் படியில் ஏறினோம். நான் டிக்கெட் எடுக்கவில்லை. என் வாழ்நாளில் முதல் திருட்டு. மேலே ஏறும்போதே கீழே ஒரு விரைவு ரயில் நிற்காமல் போனது. பாலம் முழுக்க அதிர்ந்தது. அது முழுவதும் போய் முடிகிற வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றேன். அந்த அரை நிமிஷத்தை என்னால் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது.

கடைசி பெஞ்சில் யாரும் இல்லை. ஒரு பை மட்டும் இருந்தது.

நிர்மல் ஓட ஆரம்பித்தான். என்னால் ஓட முடியவில்லை, நடந்தேன். நடைமேடை சரிந்து தண்டவாளக் கல்லில் இறங்கும் இடத்தில், வேலியைப் பிடித்தபடி பிரசன்னா நின்றிருந்தான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நிர்மல் அவன் கையைப் பிடித்தான். பிடித்த பிடியை விடவே இல்லை. அடுத்த ரயிலுக்கான அறிவிப்பு வந்தது. மூன்று பேரும் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தோம். அந்த ரயில் வந்து, நின்று, போனது.

“வர்ஷாவுக்குத் தெரிஞ்சிடுச்சா?” என்றான் பிரசன்னா.

“தெரிஞ்சிடுச்சு. நல்லா இருக்கா. மங்களம் கூட இருக்கு. பிரசன்னா, நான் பண்ணினது…”

“காலைல பஸ்லயே பார்த்தேன் அக்கா. பத்து மணி வரைக்கும் உங்கமேல அவ்வளவு கோபம். அப்புறம் சரி, தெரிஞ்சது தெரிஞ்சுபோச்சுன்னு ஆயிடுச்சு. யாராவது கூப்பிடுவாங்கன்னு தோணிச்சு. பதினாலு பேர் ஆமென் போட்டிருக்காங்க, நான்தான்னு ஒருத்தருக்காவது புரிஞ்சிருக்கும். யாருன்னு தெரியாட்டியும், சும்மா நீ எப்படி இருக்கேன்னு கேட்க ஒருத்தர் கூப்பிடுவாங்கன்னு போனைக் கைலயே வெச்சிருந்தேன். ஒரு மணி வரைக்கும் பார்த்தேன். வர்ஷாகிட்ட வழக்கம்போலப் பொய் சொல்ல என்னால முடியல. ஆஃப் பண்ணிட்டேன்.”

அவன் குற்றம் சாட்டவில்லை. அன்றைய வானிலையைச் சொல்வதுபோல் சொன்னான். நான் அழுதேன். சத்தமாக அழுதேன்.

பிரசன்னா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஒண்ணு கேட்கட்டுமா அக்கா? இப்ப என்னைத் தேடி வந்தீங்களே. எனக்காகவா? இல்ல, எனக்கு எதாவது ஆச்சுன்னா உங்க கூட்டத்துக்குக் கெட்ட பேர் வந்துடும்னா?”

என் வாயில் பதில் தயாராக இருந்தது. சத்தியமாக உனக்காகத்தான் தம்பி என்று சொல்லியிருக்கலாம். நன்றாகவும் சொல்லியிருப்பேன், எனக்குப் பழக்கம்தானே. ஆனால் வண்டியில் வரும்போது, பாஸ்டர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நான் நினைத்தது எனக்குத் தெரியும்.

“ரெண்டுந்தான்,” என்றேன்.

அவன் தலையாட்டினான். பிறகு முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின. நிர்மல் அவன் முதுகில் கைவைத்தான். நான் ஜெபிக்கவில்லை. வசனம் எதுவும் சொல்லவில்லை. வர்ஷாவுக்குப் போன் போட்டு, “கெடச்சிட்டான்,” என்று சொல்லி அவன் காதில் வைத்தேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் “ம்” என்றான். மறுபடியும் “ம்” என்றான். அப்புறம், “வர்றேன்,” என்றான்.

பிரசன்னாவை நிர்மலோடு பைக்கில் அனுப்பிவிட்டு, நான் டிக்கெட் எடுத்து ரயிலில் அம்பத்தூர் வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து நேராகப் பிரசன்னாவின் தெருவுக்குப் போனேன். மணி ஆறு. அபார்ட்மென்ட் வாசலில் நிர்மல் வண்டிமேல் உட்கார்ந்திருந்தான்.

“இன்னும் ஊட்டுக்குப் போவலியா?”

“பிரசன்னா இருக்கச் சொன்னாங்கா. வர்ஷாகிட்ட பேசிட்டு அவனும் என் கூட எங்கூட்டுக்கு வர்றானாம். ஒண்டியா சொல்லாதீங்கண்ணே, நானும் நிக்கறேன்னான்.” நிர்மல் என்னைப் பார்க்காமல் வண்டிச் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் பிரசன்னா உலர்ந்த சட்டையோடு இறங்கி வந்தான். கண்கள் வீங்கியிருந்தன. மாடி பால்கனியில் வர்ஷா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது எனக்கு வேண்டியதுதான். நானும் வர்றேன் என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். இரண்டு பேரும் போனார்கள்.

வீட்டுப் படியில் உட்கார்ந்து குழுவைத் திறந்தேன். சகோதரன் யார் என்று கேட்டு நாலு செய்தி, கை கூப்பின படம் பன்னிரண்டு. காலையில் போட்டதை அழித்தேன். மன்னிப்பு என்று எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத அதுவும் ஒரு ஜெபக்குறிப்பு போலவே வந்தது. அதையும் அழித்தேன். பிறகு ஆமென் போட்ட பதினாலு பேரையும் வரிசையாகக் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன். நிர்மல் போகப் பதின்மூன்று.

முதலில் சலோமி. மூன்றாவது தெருவில் இருக்கிறாள், புருஷன் ஒரு குடோனில் சூப்பர்வைசர். நல்ல சம்பளம், ஒரு குறையும் இல்லாத குடும்பம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வீடு. போனை எடுத்தவள் ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை.

“அக்கா, நீயே பண்ணுவேன்னு காலைலேர்ந்து பார்த்துகினு கீறேன்,” என்றாள் மெதுவாக. “நீ போட்டியே, அது எங்க ஊட்டுக்காரரப் பத்தியா?”

அவள் புருஷனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

“இல்ல சலோமி,” என்றேன். “ஏன் கேக்கற?”

மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே எங்கோ டிவி ஓடிக்கொண்டிருந்தது.

“அவரு ஊட்ல கீறாரா?”

“இன்னும் வரல.”

“நான் வரட்டுமா? யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீ சொன்னாலும் சொல்லாட்டியும் சும்மா குந்திகினு இருக்கேன்.”

“வாக்கா,” என்றாள். செருப்பு நனைந்து கிடந்தது. வெறுங்காலோடு மூன்றாவது தெருவுக்கு நடந்தேன்.